134ஆம் இடம்: சில குறிப்புகள்

1998 ஜனவரி, மெல்போர்ன். அவுஸ்திரேலிய ஓபன் பெண்கள் ஒற்றையர் முதல் சுற்றில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். பெயர் நிருபமா வைத்தியநாதன். வயது 21. தொழில்முறை ஆட்டக்காரருக்கும் கிராண்ட் ஸ்லாம் கதவு திறக்கப்பட்ட 1968க்குப் பிறகு, அவற்றின் பிரதான சுற்றில் ஒற்றையர் ஆட்டமொன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இரண்டாம் சுற்றில் தோற்றார். அந்தத் தொடரின் கிண்ணம் மார்ட்டினா ஹிங்கிஸுக்குப் போனது. வீனஸ், செரீனா சகோதரிகள் தொழில்முறை ஆட்டத்தில் முதன்முதலாக மோதியதும் அந்தத் தொடரின் இரண்டாம் சுற்றில்தான், அக்கா வென்றார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஆட்டத்தை. நான் இங்கே எழுதிவைக்க விரும்புவது பிட்சிகினியோடு நடந்த ஆட்டத்தை.

*

அந்த ஜனவரியில் எங்கள் வீடுகளில் யாரும் டெனிஸ் பற்றிப் பேசவில்லை. 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில் குண்டு. அடுத்த மாதம் 4ஆம் திகதி சுதந்திரத்தின் பொன்விழா. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் கொழும்பில் தமிழர் வாழ்ந்த வாழ்க்கை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். புதுக்கடை நீதிமன்ற வாசலில் பிடிபட்ட பிள்ளைகளுக்காக வெயிலில் நின்ற தாய்மார், கையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. ஒரு தகப்பன் தன் மகளை விடியப்புறம் ஐந்தரைக்கு எழுப்பி, மட்டையும் கையுமாக வீதியில் அனுப்பியிருப்பாரா? அனுப்பியிருக்க மாட்டார். நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.

எங்களில் ஏன் ஒரு நிருபமா வரவில்லை என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், பதிலின் ஒரு பாதி அந்த வாசலில் நின்றது. மறுபாதியைப் பற்றித்தான் கீழே உள்ள குறிப்புகள்.

*

தேநீர்க்கடையில் நிருபமாவைப் பற்றிச் சொன்னபோது கடைக்கார நானா கேட்டது:

“ரேங்க் என்ன தம்பி?”

“ஆகக் கூடினது 134, நானா.”

“நூத்தி முப்பத்தி நாலா? அதில என்ன இருக்கு? நம்பர் வன் ஆரெண்டு சொல்லுங்க.”

நானாவைக் குறை சொல்ல மாட்டேன். கிரிக்கெட்டில் பத்து நாடு, பன்னிரண்டு நாடு. அந்தக் கணக்கில் பழகிய கண்ணுக்கு 134 என்பது பின்வாங்கு. அதனால் அந்த எண் என்ன என்பதை ஒரு முறை விளக்கமாக எழுதிவைக்கிறேன்.

உலகத் தரவரிசை என்பது ஆயிரத்துக்கும் மேலான பெண்களின் பட்டியல். ஒவ்வொரு வாரமும் புதிதாக வரும். கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிதான் கணக்கு. போன வருடம் இதே வாரம் பெற்ற புள்ளி இந்த வருடம் இதே வாரம் கழிந்துபோகும். காலில் சுளுக்கு, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு, விசா கிடைக்காத ஒரு மாதம் எதற்கும் அந்தப் பட்டியல் காத்திருக்காது. நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓட வேண்டும்.

கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் 128 பேர். தரவரிசை பார்த்து நேரடியாக எடுப்பது முதல் நூற்றுச் சொச்சம் பேரை. மிச்சத்தில் சிலர் விசேட அழைப்பில் வருவார்கள். சிலர் முந்திய வாரமே வந்து தகுதிகாண் ஆட்டத்தில் மூன்று பேரை வென்று வருவார்கள். 134 என்றால் கதவுக்கு வெளியே நிற்கும் முதல் வரிசை. கதவு தெரியும், உள்ளே எரியும் விளக்கு தெரியும், ஆனால் நுழைய ஒவ்வொரு முறையும் புதிதாக வெல்ல வேண்டும். டெனிஸில் மிகக் கடினமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் பத்தில் இருப்பவருக்குப் பயிற்றுநர், வைத்தியர், விமானச்சீட்டு எல்லாம் அமையும். ஆயிரமாவது இடத்தில் இருப்பவருக்கு வேறு தொழிலுக்குப் போய்விடலாம் என்ற விடுதலை உண்டு. 134க்கு இரண்டும் இல்லை.

நானாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “உலகத்தில கிராம்போன் ரெக்கோட் மாதிரி சுத்திக்கொண்டிருக்கிற ஆயிரம் பேரில 134, நானா” என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு பிளேன்டீ ஊற்றினார்.

*

நிருபமாவின் தகப்பன் கே. எஸ். வைத்தியநாதன். தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கிண்ணக் கிரிக்கெட் ஆடியவர். மகளுக்குப் பயிற்றுநர் அவரே. பதினான்கு வயதில் மகள் இந்தியாவின் தேசியப் பெண்கள் சம்பியன்.

ஒரு வீடு இவ்வளவு செய்யலாம். தகப்பனுக்கு விளையாட்டுத் தெரியும், நேரம் இருக்கிறது, மகள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றால் தேசியக் கிண்ணம் வரைக்கும் வீட்டுப் பலத்தில் போய்ச் சேரலாம். அதற்கு மேலே வீடு போதாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. தெற்காசியாவில் பெண்கள் விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு தகப்பன் வருகிறார். சங்கம் எங்கே, அரசு எங்கே, கம்பனி எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

*

நிருபமாவுக்கு முன்னால் யார் என்று பார்த்தால்:

லீலா ராவ். 1934இல் விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றார். அங்கே வென்ற முதல் இந்தியப் பெண். அவருடைய தாய் க்ஷமா ராவ் சமஸ்கிருதத்தில் எழுதிய கவி, அவரும் டெனிஸ் ஆட்டக்காரி. காந்தியின் சத்தியாக்கிரகத்தைச் சமஸ்கிருதத்தில் காவியமாக்கியவர். மகள் பிற்காலத்தில் இந்திய நடனம் பற்றி நூல் எழுதினார். இந்தத் தாயையும் மகளையும் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

ரீட்டா டாவர். 1952 விம்பிள்டன் சிறுமியர் இறுதி ஆட்டம் வரை போனவர்.

நிருபமா மன்கட். இன்னொரு நிருபமா. பல தடவை தேசிய சம்பியன். கிரிக்கெட் வீரர் அசோக் மன்கட்டின் மனைவி என்றே பலர் அறிமுகப்படுத்துவார்கள். அசோக்கை ‘நிருபமா மன்கட்டின் கணவர்’ என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இவர்கள் மூவருக்கும் டெனிஸ் பிழைப்பாக இருக்கவில்லை. மட்டையைச் சுழற்றித்தான் அடுத்த மாத வாடகை கட்டவேண்டும் என்ற நிலைக்கு வந்த முதல் தலைமுறை கோயம்புத்தூர் நிருபமாவுடையது. அதனால்தான் அவர் வரலாற்றைத் தனியாக எழுதவேண்டியிருக்கிறது.

*

நிருபமா சுயசரிதை எழுதியிருக்கிறார். தலைப்பு ‘தி மூன்போலர்’.

மூன்போல் என்பது பந்தை வலைக்கு மேலே மிக உயரமாகத் தூக்கி, மேல்சுழற்சியோடு எதிராளியின் பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழவைப்பது. விழுந்த பந்து தோளுக்கு மேலே எழும்பும். அந்த உயரத்தில் பலமாக அடிப்பது கஷ்டம். அடித்தவருக்கோ பந்து மேலே போய் வரும் நேரத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு நடுவுக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும். பார்வையாளருக்கு இது பிடிக்காது. ‘தூக்கித் தூக்கிப் போடுகிறாள்’ என்பார்கள். சிறுமியர் ஆட்டங்களில் எதிர்ப் பக்கத்துப் பெற்றோர் முகஞ்சுளிப்பதும் இதற்குத்தான்.

உடல் பலத்தால் அடிக்க முடியாத ஒருத்தி, பொறுமையால் ஆட்டத்தை நீட்டி, எதிராளியைப் பிழைவிடச் செய்யும் முறை இது. கால் வேண்டும், மூச்சு வேண்டும், அரங்கத்தின் சலிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாத மனசு வேண்டும். தன் புத்தகத்துக்கு இந்த அடியின் பெயரை ஒரு பெண் துணிந்து வைத்திருக்கிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

*

கொரியா.

ஓய்வுபெற்ற கொரிய ஆட்டக்காரிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் குறிப்புகளுக்கே காரணம். மூன்று பேர்:

லீ டொக்-ஹீ, பிறப்பு 1953. 1981 யூ.எஸ். ஓபனில் நான்காம் சுற்று வரை போனார். அப்போது வயது 28. அந்தக் காலக் கணக்கில் ஓய்வை யோசிக்கும் வயது. உலகத் தரவரிசையில் 34 வரை ஏறினார். இன்று அவர் பெயரில் கொரியாவில் சர்வதேச கனிஷ்டப் போட்டி நடக்கிறது.

(அதே பெயரில் ஓர் ஆண் ஆட்டக்காரரும் உண்டு, 1998இல் பிறந்தவர், பிறவியிலேயே காது கேளாதவர். 2019இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலமில், ஏ.டி.பி. பிரதான சுற்று ஆட்டமொன்றை வென்ற முதல் செவிப்புலனற்ற வீரரானார். பந்து மட்டையில் படும் ஓசையைக் கேட்டுத்தான் வேகத்தைக் கணிப்போம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஓசை இல்லாமலே ஆடியவர். தனிக் குறிப்பு எழுத வேண்டும்.)

பார்க் சுங்-ஹீ, பிறப்பு 1975. 1995இல் 57ஆம் இடம். நிருபமாவுக்கு ஒரு வயது மூத்தவர். அதே ஆசிய வட்டத்தில் அதே காலத்தில் ஆடியவர்.

சோ யூன்-ஜொங், பிறப்பு 1979. 2003இல் 45ஆம் இடம்.

நான்காவதாக ஜொன் மி-ராவையும் சேர்க்கலாம். 1994 விம்பிள்டன் சிறுமியர் இறுதியாட்டத்தில் ஹிங்கிஸிடம் தோற்றவர்.

34, 57, 45, பக்கத்தில் 134. இந்த இடைவெளிக்குத் திறமையைக் காரணம் சொல்ல நான் தயாரில்லை. கொரியாவில் நகரசபைகள், மாகாண அலுவலகங்கள், வங்கிகள், கம்பனிகள் எல்லாம் டெனிஸ் அணி வைத்திருக்கின்றன. பாடசாலை முடித்த பெண் அந்த அணியில் சேருவாள். மாதச் சம்பளம், பயிற்றுநர், தங்க இடம். விவசாயக் கூட்டுறவு வங்கியான நொங்ஹ்யூப் இன்றுவரை பெண்கள் அணி நடத்துகிறது. முதல் சுற்றில் தோற்றாலும் அந்த மாதச் சம்பளம் வரும். இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த உறுதி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்றுப் பார்க்கும் துணிச்சல் வரும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு, அதையும் எழுத வேண்டும். உள்ளூர்ச் சம்பளம் நன்றாக இருந்தால் வெளிநாடு போய் அடிபட யாருக்கும் மனம் வராது. திறமையான பல பெண்கள் கொரியாவுக்குள்ளேயே ஆடி முடித்துவிட்டார்கள். ஆனாலும் சம்பளம் இல்லாத நாட்டின் குறையைவிட இந்தக் குறை சிறியது.

*

காசுக் கணக்கு.

சர்வதேச வட்டத்தின் கீழ்ப்படியில் நெடுங்காலம் இருந்தவை 10,000 டொலர் போட்டிகள். 10,000 என்பது ஒருவருக்கல்ல, முழுப் போட்டிக்கும். ஒற்றையரில் 32 பேர், இரட்டையரில் 16 சோடிகள், எல்லோருக்கும் பிரித்து, அதிலும் வரி கழித்து. கொழும்பிலும் அப்படியான பெண்கள் போட்டிகள் நடந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து, ஒரே அறையில் மூன்று பேராகத் தங்கி, தங்கள் சட்டையைத் தாங்களே துவைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போனார்கள்.

செலவுப் பக்கம்: விமானச்சீட்டு, அறை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு, சப்பாத்து. எங்கள் பக்கத்துக் கடவுச்சீட்டு என்றால் விசாக் கட்டணமும், தூதரக வாசலில் தொலைந்த நாட்களும். ஜேர்மன் பெண் ரயிலேறிப் பக்கத்து நாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு ஐரோப்பாவில் இரண்டு வாரம் ஆடுவதற்கு இரண்டு மாத ஆயத்தம்.

இன்னொன்று. அவுஸ்திரேலிய ஓபனில் 1984 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு இருந்தது. 1996இல் அதை எடுத்துவிட்டார்கள். 2001இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். நிருபமா வென்றது 1998இல். அதே சுற்றில் ஓர் ஆண் பெற்றதைவிடக் குறைந்த பணத்தோடுதான் ஊர் திரும்பியிருக்கிறார்.

2025இல் அங்கே முதல் சுற்றில் தோற்பவருக்கே 132,000 அவுஸ்திரேலிய டொலர். தகுதிகாண் முதல் சுற்றில் தோற்றாலும் 35,000. இன்று 134ஆம் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு நான்கு கிராண்ட் ஸ்லாமின் தகுதிகாண் ஆட்டங்களே வருடச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கும். கால் நூற்றாண்டு முந்திப் பிறந்ததுதான் நிருபமாவின் நட்டம்.

*

சொந்த ஊரில் ஒரு பெரிய போட்டி.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். கொழும்பிலிருந்து பார்த்தால் பெரிய விஷயம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1995 தெற்காசிய விளையாட்டு விழாவுக்காகக் கட்டிய டெனிஸ் அரங்கம் இருக்கிறது. 1997 முதல் 2017 வரை ஒவ்வொரு வருடமும் ஆண்களின் உலகச் சுற்றுப் போட்டி அங்கே நடந்தது. அதாவது நிருபமா தன் உச்சத்தில் இருந்த 1997, 1998 ஆண்டுகளில் அவருடைய மாநிலத் தலைநகரில் உலகத் தரமான போட்டி நடந்தது, ஆண்களுக்கு மட்டும். இந்தியாவில் பெண்களின் உலகச் சுற்றுப் போட்டி முதலில் நடந்தது 2003இல், ஹைதராபாத்தில்.

அந்த ஹைதராபாத் போட்டியைத்தான் 2005இல் உள்ளூர்ப் பெண் சானியா மிர்சா வென்றார். அதே வருடம் யூ.எஸ். ஓபனில் நான்காம் சுற்று. இரண்டு வருடத்தில் உலகின் 27ஆம் இடம். அவருடைய திறமையை ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விமானம் ஏறாமல், சொந்தச் சனத்தின் முன்னால், பழகிய வெயிலில் ஆடக் கிடைத்த ஒரு வாரம் அவருக்கு இருந்தது. நிருபமாவுக்கு அந்த வாரம் ஒரு தடவையும் கிடைக்கவில்லை.

சியோலில் 1988 ஒலிம்பிக்கிற்குக் கட்டிய டெனிஸ் மைதானத்தில் 2004 முதல் பெண்கள் போட்டி நடக்கிறது. முதல் வருடம் வென்றவர் மரியா ஷரபோவா. சென்னைக்குப் பெண்கள் போட்டி வந்தது 2022 செப்டெம்பரில். செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருஹ்விர்தோவா வென்றார். நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கு இந்த வாரம் கிடைக்க, 1998 வெற்றிக்குப் பிறகு 24 வருடம் எடுத்தது.

*

1998 டிசம்பர், பாங்கொக் ஆசிய விளையாட்டு விழா. கலப்பு இரட்டையரில் மகேஷ் பூபதியோடு சேர்ந்து நிருபமாவுக்கு வெண்கலம். அவர் கழுத்தில் விழுந்த பெரிய பதக்கம் அதுதான்.

2000, சிட்னி ஒலிம்பிக். மனிஷா மல்ஹோத்ராவுடன் இரட்டையர். முதல் சுற்றோடு முடிந்தது. அதே சிட்னியில்தான் எங்கள் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பதக்கம் எடுத்தார். மனிஷா பிற்காலத்தில் மித்தல் சம்பியன்ஸ் டிரஸ்ட், ஜே.எஸ்.டபிள்யூ போன்ற இடங்களில் இருந்து மற்ற வீரர்களுக்குப் பணமும் பயிற்சியும் ஏற்பாடு செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவருக்கு ஒழுங்குசெய்யப் போயிருக்கிறார். டெனிஸில் நான் மிகவும் மதிக்கும் பின்வாழ்க்கைகளில் அது ஒன்று.

நிருபமா திருமணத்துக்குப் பின் நிருபமா சஞ்சீவ். கலிபோர்னியாவில் குடியேறிப் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். தாயான பின், 33 வயதில், திரும்பி வந்து 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்காக ஆடினார். ஏன் வந்தார் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆட்டக்காரி ஆட வந்தார், வேறென்ன காரணம் வேண்டும்?

*

கோயம்புத்தூர் மறுபடியும். மாயா ராஜேஸ்வரன், பிறப்பு 2009. 2025 பெப்ரவரியில் மும்பை ஓபனில் தகுதிகாண் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதி வரை போனார். அதைத் தொடர்ந்து மயோர்க்காவில் உள்ள ரஃபேல் நடால் அகடமிக்குப் பயிற்சிக்குப் போனார்.

27 வருட இடைவெளியில் ஒரே ஊர். நடுவில் ஓடிய அந்த வருடங்களில் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை சிறுமிகள் மட்டையைக் கீழே வைத்திருப்பார்கள் என்ற கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

*

இனி எங்கள் பக்கம்.

புதுக்கடை ஒழுங்கைகளில் டெனிஸ் பந்து தாராளமாக இருக்கிறது. பின்னேரம் நீதிமன்றச் சனம் கலைந்து, கறுப்புக் கோட்டுகள் காரேறிப் போன பிறகு, இரவுச் சாப்பாட்டுக் கடைகள் அடுப்பு மூட்டும் முன் கிடைக்கும் அந்த இடைவேளையில், பையன்கள் அந்தப் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். சுவரில் கரியால் கீறிய மூன்று கோடுதான் விக்கெட். பெண் பிள்ளைகள் மாடிப்படியில் இருந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் ஓடிவந்த பந்தை எடுத்துத் திருப்பி எறிந்ததைப் பார்த்தேன். குறி தவறாமல் விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. எட்டு, ஒன்பது வயது இருக்கும். டெனிஸில் முதல் சேர்விஸ் அடிக்கத் தேவையான தோள் அசைவு அதுவேதான். அவளுக்கு யாரும் அதைச் சொல்லப்போவதில்லை.

அவள் வீட்டிலிருந்து கொழும்பு 7 கிறீன்பாத் டெனிஸ் மைதானம் மூன்று, நான்கு கிலோமீற்றர்தான். போனவர்களும் உண்டு. டேவிஸ் கிண்ணத்தில் இலங்கைக்காக ஆடிய தினேஷ்காந்தன் தங்கராஜாவின் பெயர் பலருக்கு நினைவிருக்கும். திறமையைக் கண்டால் மைதானம் பெயர் கேட்காது. ஆனால் மைதானம் வரை போக ஒருவர் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஒரு மட்டை, மாதம் ஒரு நரம்பு, பயிற்றுநருக்கு மணித்தியாலக் காசு, திரும்பி வர ஓட்டோக் காசு. புதுக்கடையில் ஆவணம் தட்டச்சுச் செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கில் இது அடங்காது.

*

இலங்கையில் கொரிய முறை இல்லையா? இருக்கிறது. வலைப்பந்தாட்டத்தில்.

தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணம் ஏவினை. உயரம் ஆறடி பத்து அங்குலம். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியச் சம்பியனானபோது கூடைக்கு அடியில் நின்றவர் அவர். 2011 உலகப் போட்டியில் சிறந்த எறிவாளர். அவுஸ்திரேலியாவில் கழகங்களுக்கும் ஆடினார். வலைப்பந்தாட்டம் தமிழ்ப் பாடசாலைகளில் பெண்களின் ஆட்டம். ஒரு கம்பமும் ஒரு பந்தும் போதும், அதனால் கிராமம் வரை போயிற்று. அதற்கு மேலே, பாடசாலை முடித்த திறமையான பெண்ணை வங்கிகள் வேலைக்கு எடுத்து வர்த்தக நிறுவனப் போட்டிகளில் ஆடவைக்கின்றன. தர்ஜினியும் அப்படி வங்கி அணிக்கு ஆடியவர். சம்பளம் இருந்தது, பயிற்சி இருந்தது, வயது ஏறிய பின்னும் ஆட்டம் நிலைத்தது. 2018இல் ஆசியக் கிண்ணம் தூக்கும்போது அவருக்கு முப்பத்தொன்பதாவது வயது.

ஏவினைப் பெண்ணுக்கு இது செய்ய முடிந்த நாட்டில், புதுக்கடைப் பெண்ணுக்கு மட்டையைக் கொடுத்து அதையே செய்ய முடியாதா? முடியும். வங்கிகளின் வர்த்தக நிறுவன விளையாட்டு ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. வருடத்துக்கு ஓர் உத்தியோகம் ஒரு டெனிஸ் பெண்ணுக்கு என்று ஒரு வங்கி தீர்மானித்தால், பத்து வருடத்தில் பத்துப் பேர். அவர்களில் ஒருத்தி 134க்குப் போனால் இந்த நாட்டு டெனிஸ் வரலாறே மாறும்.

*

பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொழும்பிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறீர்கள். வருடாவருடம் பாடசாலைக்கு நிதி சேர்க்கிறீர்கள். அடுத்த தடவை மண்டபத்துக்குப் புது மேடை போடுவதற்கு முன், முற்றத்தின் சீமெந்துத் தரையில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு வலை கட்டுங்கள். முழு அளவு மைதானம் வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மென்பந்தும் சிறிய வலையும் அரை மைதானமும் போதும், உலகம் முழுக்கச் சிறுவர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பின்னேரம் ஒரு பயிற்றுநருக்குக் காசு கொடுங்கள். பெண் பயிற்றுநராக இருந்தால் எங்கள் பக்கத்துத் தாய்மார் பிள்ளையை அனுப்புவார்கள், முஸ்லிம் வீடுகளிலிருந்தும் அனுப்புவார்கள். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட ஒரு வானும் பேசிவையுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதலில் சொன்ன மூன்றும் பயன்படாது.